குருவம்மாள் சேர்த்துப் படித்த பத்தி

ஜலந்தர்
2-9-1947

குருவம்மாளுக்கு,

நான் உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதைப் படிக்க உனக்குத் தைரியம் வரும். முப்பிடாதிப் பெரியம்மாவிடம், மகன் இசக்கியும் என் கம்பெனியில்தான் இருக்கிறான், ரெண்டு வேளையும் ரொட்டி தின்று கன்னம் உப்பிக் கிடக்கிறான் என்று சொல்.

மதராஸ் படைக்காரர்களை இத்தனை தூரம் எதற்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? எங்களுக்கு இந்தி தெரியாது, உருது தெரியாது, பஞ்சாபி தெரியாது. அதனால் யார் பக்கமும் சாய மாட்டோமாம். தேசத்தை ரெண்டாகப் பிரித்த கோட்டுக்கு அந்தப் பக்கத்து இந்துக்களும் சீக்கியரும் இங்கே வருகிறார்கள். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அங்கே போகிறார்கள். அந்த ரயில்களுக்குக் காவல் போவது எங்கள் வேலை.

முந்தாநாள் மேற்கிலிருந்து ஒரு வண்டி வந்தது. காவல் இல்லாமல் புறப்பட்ட வண்டி. பெட்டிக் கதவைத் திறந்தவன் நான். உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க யாரும் மிச்சமில்லை. பர்மாவில் மூன்று வருஷம் ஜப்பான்காரனோடு மல்லுக்கட்டினவன் நான், பிணம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே செத்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. இங்கே தூக்குச்சட்டி இருந்தது. ஒரு பெட்டியை இறக்கி முடித்ததும் நானும் இசக்கியும் தண்டவாளத்தில் உட்கார்ந்து அழுதோம்.

இதைச் செய்தவர்கள் முஸ்லிம்கள். "அண்ணாச்சி, இவனுவளை நம்பி ஒரே தெருவுல எப்படிக் குடியிருக்கது?" என்று இசக்கி கேட்டான். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

சுந்தரபாண்டியன்


மேலகரம்
19-9-1947

அன்புள்ள அத்தானுக்குக் குருவம்மாள் எழுதுவது.

நீங்கள் நலம் என்று முதல் வரியில் எழுதினீர்கள். அந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்திருந்தால் உங்களுக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

நம் தெரு வழக்கம் உங்களுக்கு மறந்துபோயிற்றா? சண்டைக் காலத்தில் நம் தெருச் சொரிமுத்து பட்டாளத்தில் செத்த தகவல் வந்தும், அவன் மாமன் தன் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று இருபது நாள் கடிதத்தை மடியில் ஒளித்து வைத்திருந்தாரே. தாலி கட்டின பந்தலிலேயே ஒப்பாரி வைத்தோமே. அன்றிலிருந்து பட்டாளத்துக் கடிதம் எந்த வீட்டுக்கு வந்தாலும் உச்சிமாகாளி கோயில் முன்னால் எல்லாரும் பார்க்கத்தான் உறையைக் கிழிக்கணும், கிழித்த கையோடு படிக்கணும். படிப்பது நான். எட்டாவது வரை படித்தவள், தொண்டை எட்டு வீட்டுக்குக் கேட்கும். முன்கூட்டியே ஒரு வரி பார்க்க எனக்கு வழியில்லை. இசக்கி கேட்ட கேள்வியைப் படித்து முடித்த பிறகுதான், என்ன படித்தேன் என்று எனக்கே உறைத்தது.

தெருவில் பதினொரு வீட்டு ஆண்பிள்ளைகள் பட்டாளத்தில் இருக்கிறார்கள். மற்றதை நான் சொல்லணுமா?

உங்கள் தம்பி வேல்சாமிதான் முதலில் எழுந்தான். "அண்ணனே எழுதிட்டாவ. இனி என்ன பேச்சு? கடைசி வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும்" என்றான். கடைசி வீடு நாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு. அதில் குடியிருக்கும் பீர் மைதீன் அண்ணன் நெய்த துண்டைத்தான் அவன் அப்போதும் தோளில் போட்டிருந்தான். பன்னிரண்டு வருஷம் அவர் தறிச் சத்தம் கேட்டுத்தான் இந்தத் தெரு விடிந்திருக்கிறது. மறுநாள் காலையில் அவர் சாயம் தோய்த்துக் காயப்போட்டிருந்த நூலையெல்லாம் வாய்க்காலில் எறிந்துவிட்டார்கள். வாய்க்கால் தென்காசி வரைக்கும் சிவப்பாக ஓடிற்று. யார் எறிந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம். வேல்சாமியின் உள்ளங்கை மட்டும் ரெண்டு நாள் சிவப்பாக இருந்தது.

பீர் மைதீன் அண்ணன் நூல் காயப்போட்ட வெறும் கொடியை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டார். அவர் பெண்சாதி ரஹ்மத்துன்னிசா படித்துறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குள் வீடு காலியாகணும் என்று தெருக்கூட்டத்தில் பேசி, வீட்டுக்காரர் நீங்கள் என்பதால் உங்கள் வாயால் ஒரு வார்த்தை வரணும் என்று காத்திருக்கிறார்கள்.

அத்தான், நீங்கள் பார்த்ததைப் படித்து நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பர்மாவிலிருந்து எட்டு மாசம் உங்கள் கடிதம் வராமல் இருந்தபோது, நான் காய்ச்சலில் கிடந்தபோது, தினம் தென்காசித் தபாலாபீசுக்கு நடந்து போய் "சுந்தரபாண்டியன் மச்சான் எழுதியிருக்காவளா?" என்று கேட்டு வந்தது யார்? இசக்கி கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். அடுத்த கடிதத்தில் பீர் மைதீன் அண்ணன் இருக்கட்டும் என்று எழுதிவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குருவம்மாள்


ஜலந்தர்
29-9-1947

குருவம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தப் பதிலையும் கோயில் முன்னாலேயே படி. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

நான் பார்த்ததை எழுதினேன். வேறென்ன எழுத? குற்றாலத்தில் சாரல் எப்படி, அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரித்துக் காகிதத்தை நிரப்பவா? நூலை வாய்க்காலில் எறிந்தது தப்பு. வேல்சாமி கையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆனாலும் தெரு முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது நீ ஒருத்தி எதிரே நின்று என்ன சாதிப்பாய்? நான் அங்கே இல்லை. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தீக்குச்சி விழுந்தால் யார் அணைப்பது? பீர் மைதீன் மச்சானுக்குக் கடையநல்லூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு அங்கே போய் இருக்கச் சொல். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். எல்லாம் அடங்கின பிறகு திரும்பி வரலாம். வீடு எங்கே ஓடிப்போகிறது?

இசக்கிக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு. இப்போது சரியாகிவிட்டது. இதைப் பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

சுந்தரபாண்டியன்


மேலகரம்
14-10-1947

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். செய்தது சரி என்றே நினைக்கிறேன், அதனால் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் பிரித்தேன். வேல்சாமியின் கையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பத்தியில் கண் ஓடிற்று. 'கடையநல்லூர்' என்ற எழுத்து தெரிந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாய் நின்றால் சந்தேகம் வரும். நிற்கவில்லை. என் வாயில் வந்ததை உங்கள் கடிதமாகவே படித்தேன். இனி யாராவது உங்களிடம் கேட்டால் நீங்கள் முழிக்கக் கூடாதே, அதற்காக அந்தப் பத்தியை அப்படியே எழுதுகிறேன்:

"இங்கே ஒரு முஸ்லிம் டிரைவர் இருக்கிறார். எண்ணூறு இந்துக்களை ஏற்றி வந்த வண்டியை வழியில் மறித்தார்கள். சிவப்புக் கொடி காட்டி நிறுத்தச் சொன்னது அவருடைய ஆட்கள்தான். அவர் நிறுத்தவில்லை. கல்லடி பட்டு நெற்றியில் ரத்தம் ஒழுக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கையில் ஒப்படைத்தார். ஆகையால் பீர் மைதீன் மச்சான் இருக்கிறவரைக்கும்தான் அது என் வீடு. அவரைக் காலி பண்ணச் சொல்கிறவர்கள் முதலில் என்னைத் தெருவை விட்டுத் தள்ளிவைக்கட்டும்."

எப்படி? ஹவில்தார் நீங்களே எழுதினது மாதிரி இல்லையா?

படித்து முடித்தேன். முப்பிடாதிப் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மகராசன் பேரு என்ன தாயி?" என்று கேட்டாள். வேல்சாமி கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கை நீட்டினான். "அடியில புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம் எழுதியிருக்காவ, வாசிக்கியா?" என்றேன். காது சிவந்து ஓடிவிட்டான். காலி பண்ணுகிற பேச்சு அதோடு நின்றது. மறுநாள் ரஹ்மத்துன்னிசா படித்துறைக்கு வந்தாள். முதலில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தவள் நம் தெரு மாரித்தாய்.

இப்போது புதுத் தொல்லை. அந்த டிரைவர் பேரில் உச்சிமாகாளிக்கு அர்ச்சனை செய்யணும் என்று தெருவே கிளம்பிவிட்டது. பெயர் கேட்கிறார்கள். பூசாரி நட்சத்திரம் வேறு கேட்கிறார். ஐப்பசி கடைசி வெள்ளிக்குள் அர்ச்சனையை முடிக்காமல் விட மாட்டார்கள் போலிருக்கிறது. வேல்சாமிக்கோ இன்னும் சந்தேகம் போகவில்லை. "அண்ணன் எழுத்தை நான் ஒரு தடவை என் கண்ணால பாக்கணும் மதினி" என்று தினம் வருகிறான்.

அதனால் உடனே ஒரு கடிதம் எழுதுங்கள். டிரைவர் சமாச்சாரத்தை உங்கள் கையால் எழுதி, நல்ல பெயராக ஒன்றும் போடுங்கள். அத்தனை ஆயிரம் பேரில் அப்படி ஒருத்தர் இல்லாமலா இருப்பார்?

குருவம்மாள்


ஜலந்தர்
28-10-1947

இந்தக் கடிதத்தைக் குருவம்மாள் படிக்கக் கூடாது. இந்த வரியை மட்டும் படித்துவிட்டு வேல்சாமியிடம் கொடுக்கட்டும். ஏலே வேல்சாமி, ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படி.

போன கடிதத்தில் ரயில் டிரைவரைப் பற்றி நான் எழுதவில்லை. அது உன் மதினி சேர்த்துப் படித்தது. அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது, பீர் மைதீன் மச்சானைக் கொஞ்ச நாள் கடையநல்லூருக்குப் போய் இருக்கச் சொல்லி. மச்சான் அங்கே இருந்தால் அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

குரு, நீ சேர்த்த பத்தியை மூன்று தடவை படித்தேன். நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய். அதுதான் எனக்கு ஆத்திரம். பதினாறு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஒரு பொய் ரிப்போர்ட் எழுதாதவன் வாயில், நான் பார்க்காத மனுஷனை வைத்துவிட்டாய். அப்படிப்பட்ட டிரைவர் இருக்கலாம். இருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் நான் பார்க்கவில்லை. பார்த்ததைத்தான் எழுதுவேன்.

பக்ரீத் அன்று நாங்கள் முஸ்லிம்களை ஏற்றின வண்டிக்குக் காவலாக மேற்கே போனோம். வண்டியில் இடமில்லாமல் கூரை மேலும் ஆட்கள். ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இன்ஜின் நின்றது. எங்கள் பெட்டி ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கையைத் தொட்டு ஏதோ கேட்டார். எனக்குக் கீழ்ப் பதவி நாயக், இந்துஸ்தானி தெரிந்த மலையாளத்துக்காரனைக் கூப்பிட்டேன். அவன் கேட்டுச் சொன்னான்: "திரும்பி வர்ற வண்டி எப்போன்னு கேட்கிறார். கொஞ்ச நாளைக்குப் போய் இருங்க, உங்க நல்லதுக்குத்தான், எல்லாம் அடங்கினதும் வரலாம்னு ஊர்க்காரங்க சொல்லி அனுப்பினாங்களாம்."

அது என் வாக்கியம். மச்சானைக் கடையநல்லூருக்குப் போகச் சொல்லி நான் எழுதின வாக்கியம், வார்த்தை மாறாமல். யாரோ ஒரு நல்லவன் அவரிடமும் அதையே சொல்லியிருக்கிறான். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

அப்போதுதான் கூட்டம் வந்தது. கரும்புக்காட்டுக்குள்ளிருந்து வாளும் வேல்கம்புமாக இருநூறு பேர் இருக்கும். இவர்கள் யார் தெரியுமா? ரெண்டு மாசம் முன்னால் நான் திறந்த பெட்டியில் கிடந்தவர்களின் சொந்தக்காரர்களும் இதில் இருக்கலாம். நம் ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள். முன்னால் வந்தவன் எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ கத்தினான். "நீங்களும் இந்துதானே, ஒதுங்கி நில்லுங்க என்கிறான்" என்றான் நாயக். ரெண்டு தடவை எச்சரிக்கை கொடுத்தேன். வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டோம். அவர்கள் நிற்கவில்லை. கடைசிப் பெட்டியின் கதவில் ஏறிவிட்டார்கள்.

ஆளைப் பார்த்துச் சுடும்படி உத்தரவு போட்டேன். நானும் சுட்டேன், இசக்கியும் சுட்டான். நாலு பேர் விழுந்தார்கள். சிரித்தவன் அதில் ஒருத்தன். மற்றவர்கள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். கடைசிப் பெட்டியில் ஆறு பேரை வெட்டியிருந்தார்கள். மற்ற எல்லாரையும் எல்லையில் கொண்டுபோய் இறக்கினோம். அந்தப் பெரியவர் இறங்கும்போது மறுபடியும் என்னைப் பார்த்தார். வண்டி எப்போது என்றுதான் அந்தப் பார்வை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வீரம் ஒன்றும் இல்லை. அந்த நாலு பேரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்த ஆறு பேரை நினைத்தாலும்தான்.

இப்போது தெருவுக்குச் சொல்கிறேன். முதல் கடிதத்தில் இதைச் செய்தவர்கள் முஸ்லிம்கள் என்று எழுதினேன். அந்த வண்டியில் வெட்டினவர்கள் அந்த வண்டியில் வெட்டினவர்கள்தான், வேறு யாரும் இல்லை. பீர் மைதீன் மச்சான் மேலகரத்தில் தறிக்குழியில் கால் வைத்துத் துண்டு நெய்துகொண்டிருந்தார். இதை அன்றைக்கே எழுதாதது என் தப்பு. கடையநல்லூருக்குப் போகச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மச்சான், நீர் எங்கேயும் போகக் கூடாது. சொந்த ஆட்களையே சுட்டவன் என்று தெரு என்னைத் தள்ளிவைப்பதானால் வைக்கட்டும். நான் வந்து எதிரே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

சுந்தரபாண்டியன்


மேலகரம்
13-11-1947

அன்புள்ள அத்தானுக்கு,

தெருவுக்கு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டீர்கள். சந்தோஷமாக இருங்கள்.

தீபாவளிக்கு நாலு நாள் முந்திக் கடிதம் வந்தது. இந்தத் தடவை பீர் மைதீன் அண்ணனையும் நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன், டிரைவர் பெயரை அவரும் கேட்கட்டுமே என்று. கோயில் பூசாரி தாம்பாளத்தோடு தயாராக இருந்தார். உறையைக் கிழித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். வேல்சாமி தூரத்தில்தான் நின்றான். நான் நினைத்திருந்தால் இன்னொரு பத்தி கட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இல்லாத மனுஷனுக்கு ஒரு மாசமாக நட்சத்திரம் தேடி நான் அலுத்துப்போயிருந்தேன். வரியைப் படித்துக் காகிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

வேல்சாமி நிமிர்ந்து நின்றுதான் ஆரம்பித்தான். நான் சேர்த்துப் படித்தேன் என்ற இடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. கடையநல்லூர் வந்ததும் பீர் மைதீன் அண்ணன் எழுந்துவிட்டார். "இருங்க அண்ணே, முழுசும் கேட்டுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். துப்பாக்கிச் சத்தம் வந்த இடத்தில் வேல்சாமியின் குரல் நின்றுவிட்டது. "படிலே" என்று நாலைந்து பேர் அதட்டினார்கள். அவன் மீதியை மெதுவாகத்தான் படித்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பவன் மாதிரி.

முடிந்ததும் முப்பிடாதிப் பெரியம்மா கேட்டாள்: "எம் மவனும் சுட்டானா?"

"ஆமா பெரியம்மா" என்றேன்.

"அந்தப் பெட்டிகள்ல பொம்பளையாளுவ இருந்தாவளா?"

"இருந்திருப்பாவ."

"அப்ப சரி" என்று சொல்லி எழுந்து போனாள். ரெண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அதையும் எழுதத்தானே வேண்டும்.

எல்லாருக்கும் சரியாகிவிடவில்லை. நல்லக்கண்ணு அண்ணாச்சி என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போகிறார். சொந்த ஆளைச் சுட்டவன் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். தெருக்கூட்டம் போட்டு, இனிமேல் பட்டாளத்துக் கடிதத்தை நான் படித்தால் பக்கத்தில் இன்னொருத்தர் கண் வைத்துப் பார்க்கணும் என்று தீர்மானம் பண்ணிவிட்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும், என் தொண்டை அவர்களுக்கு எங்கே வரும்? ஆனால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தார்கள், நீங்கள் இப்படிச் சொல்லிவிட்டீர்கள்.

பீர் மைதீன் அண்ணன் ரெண்டு நாள் தறியில் உட்காரவில்லை. உங்கள் பழைய கடிதம் அவரைச் சுட்டுவிட்டது. பெட்டி கட்டுகிறாரோ என்று அவர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் தறிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். "சுந்தரபாண்டியன் மச்சான் மேல எனக்கு வருத்தந்தான். வருத்தத்தை அவரு வந்தப்பொறம் நேர்ல பேசிக்கிடுதேன். அதுக்கு நான் இங்கன இருக்கணும்லா" என்றார். தீபாவளிக்குத் தெருவில் ஐந்து வீட்டில்தான் அவரிடம் துணி எடுத்தார்கள். போன வருஷம் இருபது வீடு. ஐந்தும் எனக்குப் போதும்.

வேல்சாமி என்னோடு பேசவே இல்லை. தீபாவளிக்குக்கூட வரவில்லை. இன்று காலையில் நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு கட்டு நூல். தென்காசியில் வாங்கினானாம், சிவப்புச் சாயம் தோய்த்தது. பீர் மைதீன் அண்ணனிடம் நான் கொடுத்துவிடணுமாம். "ஒன் கையால குடு, எறிஞ்சது ஒன் கைதானே" என்றேன். நூல்கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு கேட்டான்:

"மதினி, அந்தப் பெரியவருக்குத் திரும்புத வண்டி கிடைச்சுதான்னு அண்ணனுக்கு எழுதிக் கேளுங்க."

கேட்டுவிட்டு நூலோடு கடைசி வீட்டுப் பக்கம் நடந்தான்.

அதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். பதில் போடுங்கள், அத்தான். வண்டி கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். நான் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.

குருவம்மாள்